இன்னாசியம்மாளின் அட்டைப் பெட்டி

"மேல வேணாங்க. மடியிலயே இருக்கட்டும்" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்காருகிறார் இன்னாசியம்மாள். சனிக்கிழமைதோறும் ஆரணியிலிருந்து சென்னைக்குப் போகும் முதல் பஸ்ஸில் இது நடக்கிறது. ஆரணியில் பெட்டியோடு ஏறுகிறவர் எவராயிருந்தாலும் உள்ளே பட்டுப்புடவைதான் என்பது கண்டக்டரின் முடிவு. "இன்னா மேடம், முகூர்த்தப் புடவையா?" என்று வாராவாரம் கேட்பார். "ஆமாங்க, நானூறு புடவை" என்பார் இவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

பெட்டிக்குள் இருப்பவை நானூறு துளையிட்ட அட்டைகள். ஊருக்கு வெளியே உள்ள பாலிடெக்னிக்கில் இன்னாசியம்மாள் கம்ப்யூட்டர் ஆசிரியை. அங்கே கம்ப்யூட்டர் பாடம் உண்டு; கம்ப்யூட்டர்தான் இல்லை. மாணவர்கள் தாளில் புரோகிராம் எழுதி, எங்கிருந்தோ வாங்கிவந்த ஒரு பழைய இயந்திரத்தில் வரிக்கு ஓர் அட்டையாகத் துளையிடுவார்கள். அவற்றைச் சென்னைக்குக் கொண்டுபோய், தாம் முன்பு வேலை பார்த்த கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஓட்டி, அது அச்சடித்துத் தருவதைத் திங்கட்கிழமை வகுப்புக்குக் கொண்டுவருவார். வேலையை விடும்போது கம்பெனியிடம் அவர் கேட்டு வாங்கியது இந்தச் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஒன்றைத்தான்.

பட்டுத் தறிக்காரர் மகள். கணிதத்தில் பட்டம் வாங்கி, எழுபத்தொன்றில் அந்தக் கம்பெனிக்கு அட்டை துளையிடப் போனார். சென்னையில் அது என்ன வேலையென்று யாருக்கும் விளக்க முடியவில்லையாம். ஆரணியில் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ஜக்கார்டு தறிக்காகக் கரை டிசைனை அட்டையில் குத்துகிற ஊர் இது. "அட்டை குத்துறதா? நம்ம வேலதான்" என்று அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததைக் குத்திக்கொண்டிருந்தவர், அதிலுள்ள தப்புகளைப் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார். எரிச்சல் தாங்காமலோ என்னவோ, மூன்றாம் வருடம் அவரையே புரோகிராம் எழுத உட்கார வைத்துவிட்டார்கள். உர மூட்டை இருப்பு, மின்சார மீட்டர், ரயில் சரக்கு என்று பத்து வருடம் எழுதினார்.

நல்ல வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் நம்மை விசித்திரமாகப் பார்க்கிறார். "நா போயி பதிமூணு வருசம் ஆச்சுங்க. எனுக்குப் பின்னால நம்ம பக்கத்துலருந்து இன்னொருத்தி வருவா வருவான்னு பாத்துகினே இருந்தேன். ஒருத்தியும் வரல. இன்னா பண்றது, நானே திரும்பி வந்துட்டேன்."

சென்ற வருடம் அந்த வகுப்புக்கே கண்டம் வந்தது. கம்ப்யூட்டரே இல்லாத இடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எதற்கு என்று மேலிடத்தில் யாரோ கேட்டுவிட்டார்கள். பதினெட்டு மாணவர்களின் புரோகிராம்களும் ஓடுகின்றனவா என்று ஒரு திங்கட்கிழமை இரண்டு பேர் வந்து பார்ப்பார்கள். திருப்தி இல்லையென்றால் வகுப்பை மூடிவிடுவார்கள் என்று தாக்கீது வந்தது. அதற்கு முந்தைய வியாழக்கிழமை ஆயுதபூஜை.

சனிக்கிழமை சென்னையில் பெட்டியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வகுப்பறையைக் கூட்டித் துடைக்கும் முனியம்மாள், எந்தப் பிள்ளையையும் விட்டுவிடக் கூடாது என்று, நானூறு அட்டைக்கும் தனித்தனியாகச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். சந்தனம் காய்ந்து அட்டைகள் பாளம் பாளமாக ஒட்டியிருந்தன. "இத உட்டா மெஷின் மாட்டிக்கும் மேடம். பேஜாராயிடும்" என்றார் கம்பெனி ஆபரேட்டர் ஜெயச்சந்திரன்.

இன்னாசியம்மாள் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அங்கிருந்த துளையிடும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். ஒவ்வோர் அட்டையாகப் பிரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, துளைகளையே எழுத்தாகப் படித்துப் புதிதாகக் குத்தினார். நடுவில் கன்னியம்மா என்ற மாணவியின் அட்டையில் ஒரு தப்பு கண்ணில் பட்டது. ஓர் எண்ணை மாற்றினால் போதும்; யாருக்கும் தெரியப் போவதில்லை. "கை அங்கயே நின்னுடுச்சுங்க" என்கிறார். பிறகு தப்பைத் தப்பாகவே குத்தினார். அவருடைய இரண்டு மணி நேரமும் இதிலேயே போய்விட, ஜெயச்சந்திரன் அடுத்த வேலையை நிறுத்தி வைத்து, "ஜல்தி குடுங்க மேடம்" என்று அட்டைகளை வாங்கி ஓட்டினார்.

பதினேழு பேருடையது ஓடியிருந்தது. திங்கட்கிழமை வந்தவர்களில் பெரியவர், ஓடாத பதினெட்டாவது தாளைத்தான் கையில் எடுத்தார். கன்னியம்மாவைக் கூப்பிட்டு நீட்டினார். அந்தப் பெண் அழுகையை விழுங்கிக்கொண்டு, வரிவரியாக விரல் வைத்து இறங்கி, ஓரிடத்தில் நிறுத்தினாள். "இங்க சார். ஒண்ணுலருந்து எண்ணணும். நா சைபர்லருந்து எண்ணிட்டேன்." பெரியவர் மற்ற தாள்களைப் புரட்டவே இல்லை. வகுப்பு பிழைத்தது. அந்த எண்ணை மாற்றியிருந்தால் அந்தப் பெண் விரல் வைத்துக் காட்ட ஒன்றுமே இருந்திருக்காது என்கிறார் இன்னாசியம்மாள்.

முனியம்மாளை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று அன்றே சொல்லிவைத்தார். ஆனாலும் சேதி அவர் காதுக்குப் போய்விட்டது. இந்த வருட ஆயுதபூஜைக்குக் கதவு, மேசை, கரும்பலகை என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த முனியம்மாள், அட்டை அலமாரிக்கு நாலடி தள்ளியே நின்றுவிட்டார், சந்தனக் கிண்ணமும் கையுமாக. "புள்ளைங்க படிப்புக்குன்னு ஒரு பொட்டு வைக்கலன்னா மனசு கேக்கலங்க மேடம். எதுக்குத்தான் வைக்கிறது?"

ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற இன்னாசியம்மாள் அலமாரியைப் பூட்டினார். சாக்பீஸ் தூளைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு, பத்து விரலையும் விரித்து முனியம்மாள் முன்னால் நீட்டினார்.