சைவ் என்றொரு பிள்ளையும் என் பெயரின் ழகரமும்

மொன்ட்ரியால் வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கு அறியத் தருவது: எங்கள் வகுப்புக்கு இன்று சைவம் வந்தது. மத்தியானம் அது கோழி சாண்ட்விச் சாப்பிட்டது.

அயர்லாந்திலிருந்து புதிதாக வந்த பிள்ளை. பெயரை எஸ், ஏ, டி, எச், பி, எச் என்று எழுதுகிறாள். வரவு இடாப்பு வாசித்த மிஸ் "சாத்ப்...?" என்று திக்கினார்.

"சைவ், மிஸ். மற்ற எழுத்தெல்லாம் சும்மா நிக்குது."

அடுத்தது எழிலன், அதாவது நான். "எஸிலான்!" என்றார் மிஸ். வழக்கம்போல் கையைத் தூக்கினேன்.

சைவ் திரும்பி என் கொப்பியில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தாள். "உன்ரை பேர் உண்மையிலை அப்பிடியோ? அந்த இசட் எச் என்ன செய்யுது?"

இத்தனை வருடப் பள்ளிக்கூடத்தில் என்னிடம் இதைக் கேட்ட முதல் ஆள். நன்றி, சைவ். பகிடி இல்லை, உண்மையாகவே.

சாப்பாட்டு நேரம் முழுக்க நான் ழகரப் பேராசிரியர். "நாக்கை மடி. இன்னும் மடி." அவளும் கோழியை வைத்துவிட்டுப் பழகினாள். பிறகு மிஸ்ஸிடமே போய் என் பெயரைத் திருத்திவிட்டாள். மிஸ்ஸும் வகுப்பும் திருப்பிச் சொன்னார்கள். நான் இந்தமுறை இரண்டு கையையும் தூக்கினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையடித்தேன்.

"என்னெண்டு பழக்கினனீ? எங்கை, சொல்லு பாப்பம்."

"எளிலன்."

அம்மா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சிந்தியது.

ஆக, என் பெயரை இப்போது வகுப்பே வெகு ஒழுங்காகத் தவறாகச் சொல்கிறது. என் பிழைதான். அந்தச் சொல்லிலும் ழ இருக்கிறது பாருங்கள். நாளைக்குள் யாராவது எனக்குப் பழக்கிவிடுங்கோ.