சோலையம்மாள் திரும்பக் கேட்ட படம்

பிடரியில் பவுடர் தட்டும் அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் இன்னும் சலூனுக்குப் போகிறேன். வெட்டுவதற்கு முடி என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. கடைக்காரர் கத்திரியைக் காற்றில்தான் நிறைய ஓட்டுகிறார், ஒரு மரியாதைக்காக. போன வாரம் காரைக்குடியில் அப்படி உட்கார்ந்திருந்தபோது, போர்த்திய துணிக்குள் போன் அதிர்ந்தது. சென்னையில் ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண். முன்பின் தெரியாது. "சார், இந்தப் படம் நீங்க எடுத்ததுன்னு சொன்னாங்க. இன்னும் தெளிவான காப்பி இருக்கா? ரொம்ப பவர்ஃபுல்லா இருக்கு" என்று எழுதியிருந்தாள். கீழே படம்.

மண்தரையில், உடம்பில் துணியில்லாமல், விலா தெரிய ஒரு பெண்குழந்தை. இரண்டு வயது. கண்ணை மேலே தூக்கிக் காமிராவைப் பார்க்கிறது. படத்தின் அடியில் வெள்ளை எழுத்தில், நான் வாழ்நாளில் கால் வைத்திராத ஒரு வடநாட்டு மாவட்டத்தின் பெயரும் 'வறட்சியின் முகம்' என்ற வரியும்.

கழுத்தில் பவுடர், கையில் அந்தப் படம். கடைக்காரர் தூரிகையால் முடியைத் தட்டிக்கொண்டே "என்ன சார், கெட்ட சேதியா?" என்றார். இல்லை என்றேன். அந்தக் குழந்தையைப் படமெடுக்க நான் காமிராவைத் தூக்கியபோது அவள் முகம் முழுக்கப் பவுடர்தான் இருந்தது. துடைத்து எடுத்தவன் நான். இதையெல்லாம் சலூனில் உட்கார்ந்து எப்படிச் சொல்ல?

உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் பாதியில் எழுந்து போகமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பட்டினி கிடக்கும் குழந்தைகளுக்குச் சத்துமாவும் வைத்தியமும் கொடுக்கிற ஒரு நிறுவனத்தின் காரைக்குடி அலுவலகத்தில் வேலை. பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. என் வேலை படம் எடுப்பது, படத்துக்குக் கீழே நாலு வரி எழுதுவது. அந்தக் காலத்தில் கவிதை என்று ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நாலு வரியிலும் அதைப் புகுத்தாமல் விட்டதில்லை. ஒரு குழந்தையின் கண்ணை 'வற்றிய ஊருணி' என்று எழுதிவிட்டு இரண்டு நாள் இறுமாப்போடு திரிந்தவன். அந்த ஊரில் நிஜமாகவே ஊருணி வற்றிக் கிடந்தது. அதை எழுதவில்லை.

எங்கள் பக்கத்துத் தாய்மார்களுக்கு ஒரு வழக்கம், உங்களுக்கும் தெரிந்திருக்கும். காமிராவோடு ஒருவன் வாசலில் நின்றால், "செத்த இருங்க" என்று சொல்லிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். அரை மணி நேரம் ஆகும். வெளியே வரும்போது பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து வழித்துச் சீவிய தலை, முகத்தில் அப்பிய பவுடர், நெற்றியில் பொட்டு, கன்னத்தில் கண்ணேறுக்கு ஒரு கறுப்புப் பொட்டு, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய கவுன். அன்றைக்கு அடுப்பு எரியாத வீட்டிலும் பவுடர் டப்பா இருக்கும், மாடக்குழியில், சீப்புக்குப் பக்கத்தில். தன் பிள்ளையை நாலு பேர் எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஒரு தாய் எடுக்கும் முடிவு அது. எடுக்க அவளுக்கு முழு உரிமை உண்டு.

எங்கள் மேலாளருக்கு அந்த அரை மணி நேரம் ஆகவே ஆகாது. சென்னைக்காரர். கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு எவ்வளவு வசதியாக இருக்கும்! காய்ச்சலில் கிடந்த பிள்ளைகளைத் தன் மடியில் வைத்து ஜீப்பில் சிவகங்கை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். ஆனால் படம் என்று வந்தால் ஆள் மாறிவிடுவார். "இவங்க கல்யாணத்துக்குக் கிளம்பற மாதிரி கிளப்பிவிடறாங்க. பளிச்சுன்னு இருக்கற புள்ளையப் பாத்து யாருக்குய்யா மனசு இளகும்?" என்பார். இளகாத மனசு யாருடைய கோளாறு, பிள்ளையுடையதா? அன்று அப்படித் திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை. தலையை ஆட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு அந்த வயதிலேயே நல்ல பயிற்சி.

சோலையம்மாள் வீடு சிங்கம்புணரி தாண்டி உள்ளடங்கிய ஒரு குடியிருப்பில். தென்னை நாரில் கயிறு திரிக்கும் வேலை அவளுக்கு; உள்ளங்கை இரண்டும் மரத்துப் போயிருக்கும். புருஷன் கேரளாவில் கட்டட வேலை. மகள் தேன்மொழி. எங்கள் செவிலியர் ஒரு வண்ண நாடாவைக் குழந்தையின் புஜத்தில் சுற்றிப் பார்த்தார். சிவப்பில் நின்றது. சிவப்பு என்றால் ஆபத்து.

வழக்கம்போல் சோலையம்மாள் உள்ளே போனாள். வழக்கம்போல் மகளை ஜோடித்து எடுத்து வந்தாள். மஞ்சள் கவுன், தோளில் நழுவியது. நான் அடிகுழாயில் கைக்குட்டையை நனைத்துவந்து, "இது வேணாம்மா" என்று சொல்லிக் குழந்தையின் முகத்தைத் துடைத்தேன். பவுடர் போயிற்று. கன்னத்துப் பொட்டும் போயிற்று. கவுனையும் கழற்றச் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

"டாக்டருக்குக் காட்டத்தான எடுக்குறீக?"

ஆமாம் என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லும் டாக்டரிடம் வெட்கப்படாத மாதிரி, அவள் மகளின் கவுனைக் கழற்றினாள். பிள்ளை பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர அந்தக் கையில் வேறு எதுவும் இல்லை. நான் குந்தி உட்கார்ந்து, கோணத்தைக் கொஞ்சம் உயர்த்தி, நிழல் விலாவில் விழும்படி பார்த்து எடுத்தேன். நல்ல படம். அதுதான் இன்றுவரை ஓடுகிறது.

கீழே எழுதிய நாலு வரியும் ஞாபகம் இருக்கிறது, மறந்திருந்தால் தேவலை. 'அறியாமையின் மடியில் ஒரு மலர் வாடுகிறது' என்று தொடங்கும். யாருடைய அறியாமை? தனக்கு நீராகாரத்தை வைத்துக்கொண்டு பிள்ளைக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டியவள் அவள். அந்தக் குடியிருப்பின் கிணற்றுத் தண்ணீர் கலங்கல். குடித்த பிள்ளைகளுக்கெல்லாம் மாதம் இரண்டு தடவை வயிற்றுப்போக்கு. உண்டது உடம்பில் தங்கவில்லை. பால்வாடி கண்மாய்க்கு அங்குட்டு; மழை பெய்தால் நடக்கப் பாதை கிடையாது. இதெல்லாம் என் குறிப்பேட்டில் இருந்தது, என் கையெழுத்தில். ஆனால் கிணற்றைப் படம் எடுத்தால் கண்ணீர் வராதாம். பாதையைப் பற்றி எழுதினால் படிப்பவர் கேள்வி கேட்பாராம், யார் போட்டிருக்க வேண்டும் என்று. ஆகவே எல்லாவற்றையும் வெட்டிவிட்டுப் பிள்ளையை மட்டும் மண்ணில் உட்காரவைத்தோம். வானத்திலிருந்து விழுந்தவள் போல. பெற்றவள்தான் குற்றவாளி போல.

அந்தப் படத்தை வைத்து நிறுவனம் நாள்காட்டி அடித்தது. அட்டையில் மேலே படம், நாலு வரி. கீழே தினம் ஒன்றாகக் கிழிக்கும் தேதிக் கட்டு. சென்னை, கோயம்புத்தூர் என்று அனுப்பியது போக ஒரு கட்டு மிஞ்சியது. நம்ம பக்கத்துக் கடைகளிலும் தொங்கட்டும், ஊருக்குள் பேர் தெரியட்டும் என்றார் மேலாளர். நானே பஸ்ஸில் கொண்டுபோய்ச் சிங்கம்புணரிக் கடைவீதியில் கடை கடையாகக் கொடுத்தேன். அவள் சாமான் வாங்கும் வீதி அது என்பது மண்டையில் ஏறவே இல்லை. அந்தப் படம் அவள் கண்ணுக்கும் படும் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு ஆள்கூட நினைக்கவில்லை. காட்டப்படுகிறவர்களும் பார்ப்பார்கள் என்பது எங்கள் கணக்கிலேயே கிடையாது.

பத்துப் பதினைந்து நாளில் அவளே அலுவலகத்துக்கு வந்தாள். இடுப்பில் தேன்மொழி. வைத்தியத்தில் தேறி, கன்னம் ஒட்டாமல், கையில் ஒரு பிஸ்கட்டோடு. மேலாளர் முகம் மலர்ந்து எழுந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். நானும்தான். காமிராவைத் தேடினேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவள் என்னை மட்டும் பார்த்தாள். வசவு எதுவும் இல்லை; நடந்ததைச் சொன்னாள். மளிகைக் கடையில் பருப்பு வாங்க நின்றவள் தலையைத் தூக்கினால் எதிரே மகள் அம்மணமாக உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் நின்ற பெண் கீழே இருந்த நாலு வரியைப் படித்தும் காட்டியிருக்கிறாள். எந்தெந்தக் கடையில் கொடுத்தேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"அப்ப வாங்க. போயி வாங்கிருவோம்."

மேலாளர் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினார். அவள் அதற்குள் படியிறங்கிவிட்டாள். நான் பின்னால் போனேன். துணிச்சலில் அல்ல, அந்த அறையில் நிற்க முடியவில்லை.

பஸ் ஏறிப் போனோம். சிங்கம்புணரியில் முதல் கடை பாத்திரக் கடை. முதலாளி மறுத்தார். ராகுகாலம், நல்ல நேரமெல்லாம் அதில்தான் பார்க்கிறாராம். சும்மா வந்ததை யாராவது திருப்பிக் கேட்பார்களா என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். சோலையம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, ஆணியிலிருந்து அட்டையைக் கழற்றினாள். தேதிக் கட்டை அடியோடு பிய்த்து எடுத்து அவர் மேசையில் வைத்தாள்.

"தேதிய நீங்க வச்சுக்கிருங்க. படம் எம்புள்ளையோடது."

அட்டையை என்னிடம் நீட்டிவிட்டுப் படியிறங்கினாள். அப்படியே கடை கடையாக ஏறி இறங்கினோம். நான் அட்டைகளைச் சுமந்தேன், படம் உள்பக்கமாக இருக்கும்படி. துணிக்கடைப் பையன்கள் "காலண்டர்ல வந்த ஸ்டாரோட அம்மா வாராக" என்று கிண்டல் செய்தார்கள். டீக்கடையில் இருந்தவர் படத்தையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அதுவா இது, நம்ப முடியவில்லையே என்றார். தேன்மொழிக்கும் நம்ப முடியவில்லை போலிருக்கிறது. அட்டையில் இருந்த பிள்ளைக்குக் கையில் இருந்த பிஸ்கட்டை நீட்டினாள். சோலையம்மாள் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டாள். நான் டீக் கிளாஸுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியாகப் போனது இன்னொரு மளிகைக் கடை, ஒரு பாயுடையது. அங்கேயும் நாள்காட்டி தொங்கியது. ஆனால் படத்தின் மேல் பழைய செய்தித்தாளை நான்கு மூலையும் பசை தடவி ஒட்டியிருந்தார். தேதி மட்டும் தெரிந்தது. நாங்கள் விஷயத்தைச் சொல்வதற்குள்ளேயே அவர் அட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். "பச்சப்புள்ள மானத்த செவத்துல அடிச்சு வைக்கலாமா? நாந்தான் மூடி வச்சேம்மா" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, படிச்ச பிள்ளையா என்று மட்டும் விசாரித்தார். பட்டம் வாங்கியிருக்கிறேன் என்றேன். "ம்" என்றார். அந்த "ம்" போதும், இன்னும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகும் அந்த வேலையில் இருந்தேன். புத்தனாகிவிட்டதாக நினைக்க வேண்டாம். வேறு வேலை கிடைக்கவில்லை. ஆனால் படம் எடுக்கும்முன் அது எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்று தாயிடம் சொல்லத் தொடங்கினேன். கழுவிய படத்தை முதலில் அவளிடம் காட்டினேன். வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு. வேண்டாம் என்றால் வேண்டாம். பவுடர் இருக்கட்டும், பொட்டு இருக்கட்டும், அரை மணி நேரம் போனால் போகட்டும். கீழே கிணற்றைப் பற்றி எழுதினேன், வராத பாதையைப் பற்றி, கயிற்றுக்கூலியைப் பற்றி. ஒருத்தி தன் மகனைப் பற்றிச் சொன்னதை அப்படியே போட்டேன்: "இவனுக்கு வேணுங்கிறது பரிதாபமில்ல, நல்ல தண்ணி." என் கவிதைகள் எல்லாவற்றையும்விட அந்த வரிக்குத்தான் நிறையக் கடிதம் வந்தது. கவிஞனாக அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மேலாளர் கேட்டது ஒன்றே ஒன்று: இப்படி எழுதினால் அவசரம் எங்கே தெரிகிறது? அவசரம் தெரிய வேண்டியது பிள்ளையின் உடம்பிலா, நம் வேலையிலா? இந்தக் கேள்வி மனதில் முழுசாக உருவாகவே எனக்கு இத்தனை வருடம் பிடித்தது. கோபம் அவரைவிட என் மேல்தான் அதிகம். ஆனால் அவர் மேலும் இருக்கிறது.

சலூனிலிருந்து வீட்டுக்கு வந்து அந்தச் சென்னைப் பெண்ணுக்கு எழுதினேன். இது அந்த மாவட்டத்துப் பிள்ளை இல்லை; தாயிடம் பொய் சொல்லி எடுத்த படம்; அந்தத் தாய் திரும்பக் கேட்ட படம்; தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நல்ல பெண்தான் போலிருக்கிறது, உடனே வருத்தம் தெரிவித்தாள். தங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னாள். கூடவே இன்னொரு வரி: "ஆனா சார், இது ஏற்கனவே நிறைய இடத்துல இருக்கே."

இருக்கிறதுதான். தேடிப் பார்த்தேன்; மிஞ்சிய நாள்காட்டி அட்டை ஒன்றை யாரோ ஸ்கேன் செய்து போட்டிருக்க வேண்டும். வேறு வேறு ஊர்களின் பெயரில், வேறு வேறு வருடங்களின் பஞ்சத்துக்கு, தேன்மொழி இரண்டு வயதிலேயே உட்கார்ந்திருக்கிறாள். இன்று அவளுக்கே பிள்ளைகள் இருக்கலாம். அந்தப் பிள்ளைகளின் கையில் போன் இருக்கலாம்.

அன்று பாயின் கடையிலிருந்து இறங்கி வரும்போது, வெளியூர்களுக்குப் போன மிச்ச நாள்காட்டிகள் என்ன ஆகும் என்று சோலையம்மாள் கேட்டாள். தை பிறந்தால் எல்லோரும் பழையதைக் கழற்றிப் புதிது மாட்டிவிடுவார்கள், எல்லாம் குப்பைக்குப் போய்விடும் என்றேன். அவள் மகளை இடுப்பில் சரியாக ஏற்றிக்கொண்டு, விரல் விட்டு மாதங்களை எண்ணினாள்.

"தைக்குள்ள இவளுக்கு வெவரம் வந்துராதுல்ல?"

வராது என்றேன். நான் அவளிடம் சொன்னதில் அது ஒன்றாவது உண்மையாக இருந்தது, அப்போது. ஒரு படத்துக்கு ஒரு ஆணி, ஒரு சுவர், ஒரு தை மாதம் என்று இருந்த காலம். இன்று அவள் வந்து அதையே கேட்டால், எண்ணிச் சொல்ல என்னிடம் ஒரு மாதம்கூட இல்லை.