டில்லிபாபு ஆட்டோவில் தூங்கும் பிள்ளைகள்

எங்கள் தெருவில் டில்லிபாபுவைத் திட்டாத பெண்கள் கிடையாது. அவனை நம்பிப் பிள்ளையை ஒப்படைக்காத பெண்களும் கிடையாது. நான் இரண்டிலும் முதல் ஆள். என் பெயர் ஜெஸ்லின். எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் பில் போடுகிறேன். மூன்றாவது படிக்கும் என் மகன் அபின் டில்லிபாபுவின் ஆட்டோவில்தான் பள்ளிக்குப் போகிறான்.

டில்லிபாபு காசிமேட்டுக்காரன். மீசை முளைக்கும் முன்பே விசைப்படகில் ஏறியவன். கடலுக்குப் போனால் கரை திரும்ப நாளாகும். மகள் சௌமியா தவழத் தொடங்கிய சமயம், ஒருமுறை தாடியும் உப்புமாக வீட்டுக்கு வந்திருக்கிறான். பெற்ற அப்பனைப் பார்த்துக் குழந்தை வீறிட்டு அழுது, அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டதாம். "எம் பொண்ணுக்கே நான் யாருன்னு தெர்ல, அப்பால இன்னா மீனு, இன்னா வலை" என்று கடலைத் தலைமுழுகிவிட்டு ஆட்டோ ஓட்ட வந்துவிட்டான்.

கடலை விட்டானே தவிர, படகுப் பழக்கத்தை விடவில்லை. வலை தண்ணீருக்குள் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஆட்கள் கிடைத்த இடத்தில் சுருண்டுகொள்வார்கள். வலையைத் தூக்கும்வரை தூங்குகிறவனை யாரும் தொடக்கூடாது. அது படகில் எழுதாத சட்டம். அதை அப்படியே ஆட்டோவுக்குக் கொண்டுவந்துவிட்டான். பள்ளி எட்டு மணிக்கு. நாங்கள் அரைத் தூக்கத்தில் வாரிக் கொடுக்கும் பிள்ளைகள் ஏறியதுமே ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துவிடும். டில்லிபாபு ஹாரனைத் தொடமாட்டான். வேகத்தடை வந்தால் வயிற்றுப்பிள்ளைக்காரியை ஏற்றி வந்தவன் மாதிரி உருட்டுவான். பள்ளிச் சுவரோரம் நிறுத்தி, முதல் மணி அடித்த பிறகுதான் ஒவ்வொன்றாக எழுப்புவான்.

போன ஜூலையில் ஒரு நாள் அவனும் தூங்கிவிட்டான். பிரேயர் முடிந்து, அட்டெண்டன்சும் முடிந்து, வாட்ச்மேன் வெளியே வந்து பார்த்தால், ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்து டில்லிபாபு, அவன் முதுகில் சாய்ந்து அபினோடு மூன்றாவது படிக்கும் சௌமியா, பின்னால் என் மகன் உட்பட மொத்தக் கூட்டமும் குறட்டை.

அன்று மாலை அவன் வீட்டு வாசலில் நின்று கத்தினேன். "ஏன்டா, உன்னை நம்பித்தானே அனுப்புறோம்? நீயும் சேர்ந்து தூங்கினா என்ன அர்த்தம்?"

"தப்புதான்க்கா" என்றான். "கொயந்தைங்க மூஞ்சப் பாத்தா எயுப்ப மனசே வர்ல. பாத்துகினே இருந்தேன், எனக்கும் கண்ணு சொருகிடிச்சு."

இப்படிச் சொல்கிறவனை எப்படித் திட்டுவது? சிரித்துத் தொலைத்தேன்.

ஆனால் சௌமியா விஷயத்தில் சிரிக்க ஒன்றுமில்லை. அவள் அம்மா முத்தம்மா காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவள். இருட்டோடு கிளம்ப வேண்டும். கொண்டுபோய் விடுவது டில்லிபாபு. பெண்ணைத் தனியாக விட்டுப் போக முடியுமா? போர்வையோடு தூக்கிப் பின்சீட்டில் போட்டுக்கொள்வான். துறைமுகத்தின் கூச்சலிலும் லாரி சத்தத்திலும் புரண்டு புரண்டு படுத்திருப்பாள். அப்படியே மற்றப் பிள்ளைகளை ஏற்ற வண்டியைத் திருப்புவான். ஞாயிற்றுக்கிழமையாவது தூங்குவாளா என்றால், மீனுக்கு அதுதானே பெரிய நாள்.

வகுப்பில் கேட்ட கேள்விக்கு முழித்தாள். கணக்குப் பரீட்சையில் தாள்மேலேயே படுத்துவிட்டாள். வகுப்பு டீச்சர் டில்லிபாபுவைக் கூப்பிட்டு, "பிள்ளை கொஞ்சம் மந்தம். இப்படியே போனா அடுத்த வருஷமும் மூணாவதே படிக்கட்டும்" என்றார்.

அவன் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். "மந்தமாம்க்கா. சாய்ந்திரம் வந்து கேளு, அவ வாய மூடவே முடியாது. தூக்கம் பத்தலன்னா பெரியவன் நானே கவுந்துட்டேன், அது கொயந்தைதானே" என்றான். அவன் அப்படி உடைந்துபோய் நான் பார்த்ததில்லை.

ஆகஸ்டில் தலைமையாசிரியை பெற்றோரைக் கூட்டினார். ஆட்டோவோடு தூங்கிய கதை அவரை யோசிக்க வைத்திருந்தது. ஒன்பது மணிக்குப் பள்ளியைத் தொடங்கலாமா, பெரும்பாலானவர்கள் சரி என்றால் செய்யலாம் என்றார்.

எங்களுக்குப் பேசச் சொல்லியா தர வேண்டும்? "ராத்திரி போனைப் பிடுங்கி வெச்சா எல்லாம் சீக்கிரம் தூங்கும்" என்றார் மெக்கானிக் கடை தமீம் பாய். ஒன்பது மணிக்குள் ரோட்டில் கண்டெய்னர் லாரி வரிசை கட்டிவிடும் என்றார் ஒருவர். பிள்ளை தூங்கட்டும், ஆனால் நாங்கள் வேலைக்குப் போன பிறகு யார் எழுப்பி, யார் ஊட்டி, யார் அனுப்புவது என்று பெண்கள் பக்கம் ஒரே இரைச்சல். அதில் பெரிய இரைச்சல் என்னுடையது. ஏழரை பஸ்ஸை விட்டால் எனக்கு அரை நாள் லீவு.

டில்லிபாபுவும் எதிர்ப்பான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிள்ளைகளை இறக்கிய கையோடு, தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் தையல் கம்பெனிக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொள்வான். மாதம் பூராவும் நிற்காத சவாரி அது. பள்ளி ஒன்பது மணி என்றால் அது போச்சு.

அவன் எழுந்தான். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே பேசினான்.

"சீக்கிரம் வேலைக்குப் போறவங்க கொயந்தைங்கள என் வூட்டாண்ட வுட்டுட்டுப் போங்க. டிபன் பாக்ஸ் குடுத்துடுங்க, நான் ஊட்டி இட்டுனு வரேன். தூங்கினே தூக்கினு வந்தாலும் சர்தான், பாய் விரிச்சு வெக்கிறேன்."

"டேய், அப்ப உன் கம்பெனி சவாரி?" என்றார் தமீம் பாய்.

"சவாரி வேற புடிச்சிக்கலாம் பாய். எம் பொண்ண மந்தம்னு முடிவு பண்ட்டாங்கன்னா, அத நான் எங்க போய் மாத்துறது?"

தமீம் பாய்தான் முதலில் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். காலாண்டுத் தேர்வுவரை ஒன்பது மணிக்கு நடத்திப் பார்ப்பது என்று முடிவானது.

முதல் நாள் அபினை அழைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. நான் போவதற்கு முன்பே நான்கு பிள்ளைகள் வந்து சுவரோரம் டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். முத்தம்மாவைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டு, சௌமியாவைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்திருந்தான். ஜன்னல் வெயில் அவள் காலில் விழுந்திருந்தது. டில்லிபாபு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பொடியனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தான். கண் மட்டும் மகள் மேல்.

அவள் புரண்டாள். கையைக் காலை நீட்டி முறித்தாள். யாரும் தொடாமல், யாரும் கூப்பிடாமல், கண்ணைத் திறந்தாள். வெயிலைப் பார்த்ததும், பள்ளி இனி ஒன்பது மணிக்கு என்பதை மறந்து, பதறி எழுந்து பையைத் தேடினாள்.

"நைனா, எயுப்ப மறந்துட்டியா? மிஸ் திட்டப்போறாங்க!"

"மறக்கலடா கண்ணு. நீயாத்தான் எயுந்துகின."

அவள் நம்பவில்லை. என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, இன்னைக்கு லீவா?"

"இல்லடி தங்கம், ஸ்கூல்தான். இன்னும் நேரம் இருக்கு."

பையைக் கீழே வைத்தாள். "அப்போ நான் இன்னும் கொஞ்சம் படுத்துக்கவா நைனா?"

டில்லிபாபு தலையை மட்டும் ஆட்டினான். பேசினால் அழுதுவிடுவான் என்று தெரிந்தது. பஸ்ஸுக்கு நேரமாகியும் வாசலிலேயே நின்றேன். சௌமியா திரும்பப் பாயில் சாய்ந்தாள். தூங்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு சும்மா படுத்திருந்தாள்.