பலகையில் வரைந்த பியானோ

ஓசூரில் பியானோ கற்றுக்கொடுத்தேன் என்றால் இப்போது சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தப் பியானோ என்னுடையது இல்லை என்பதை மட்டும் நான் யாரிடமும் சொல்வதில்லை. மத்திகிரி போகும் சாலையில் ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன பங்களாவை வாங்கிய பண்ணைக்காரர், கூடவே அதையும் வாங்கியிருந்தார். தன் இரண்டு பெண்களுக்கும் நான் சொல்லிக்கொடுத்தால், மற்ற நேரத்தில் வெளியாட்களுக்கும் அதிலேயே பாடம் நடத்திக்கொள்ளலாம் என்றார் வீட்டம்மா. பெங்களூர் மிஷன் பள்ளியில் கற்ற பியானோ வாசிப்பைத் தவிர எனக்கு வேறு பிழைப்பு தெரியாது. அந்தப் பியானோ போனால் நானும் போனேன்.

ஏழு வயதுப் பிள்ளையிலிருந்து ரிட்டயரான போஸ்ட்மாஸ்டர் வரை வந்தார்கள். போஸ்ட்மாஸ்டர் தபாலில் முத்திரை குத்துவதுபோலக் கட்டைகளைக் குத்துவார். பண்ணைக்காரரின் பெண்களுக்கு விரல் இருந்தது, காது இல்லை.

காது இருந்தது வேறொருத்திக்கு. அங்கே மாட்டுக் கொட்டகையில் சாணி வாரியவள், என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஒருநாள் பின்வாசலுக்கு வெளியே நின்றபடி, "டீச்சரம்மா, பெரிய பாப்பா நேத்து வாசிச்சதுல நடுவால ஒண்ணு தப்பிப்போச்சிங்களே" என்றாள். தப்பித்தான் போயிருந்தது. நான் கவனிக்கவில்லை.

அவள் பங்களாவுக்குள் வரக்கூடாது. என்ன சாதி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் என் வாடகை வீட்டில் ஒரு பலகையில் கரியால் கட்டைகளை வரைந்து கொடுத்தேன். ஞாயிறு மதியம் அதை எடுத்துக்கொண்டு வருவாள். அவள் பலகையில் விரல் வைக்க வைக்க, நான் சுரத்தைப் பாடுவேன். பெரிய பெண் இரண்டு வருஷமாகத் திணறிய பாடத்தை, சத்தமே வராத அந்தப் பலகையில் எட்டே மாதத்தில் முடித்தாள்.

"ஒரே ஒரு வாட்டி நெசத்துல கை வெச்சிப் பாக்கணுங்க" என்றாள்.

வீட்டார் கிருஷ்ணகிரிக்குக் கல்யாணத்துக்குப் போன அன்று உட்கார வைத்தேன். மூன்று முறை கை கழுவிவிட்டு வந்தாள். முதல் கட்டை ஒலித்ததும் பயந்து கையை எடுத்துவிட்டாள். பிறகு ஒரு பிசகில்லாமல் முழுவதையும் வாசித்தாள். நான் அழுதுவிட்டேன். சத்தம் கேட்டு வந்த சமையற்காரர், அவள் கூடத்திலிருந்து வெளியே போனதைப் பார்த்துவிட்டார்.

மறுநாள் வீட்டம்மா எங்கள் இருவரையும் பின்வாசலில் நிறுத்திக் கேட்டார். "அவளை யாரு உள்ள விட்டது?"

"வாசிச்சது நாந்தாங்கம்மா. அவ எப்ப உள்ள வந்தாளோ, எனக்குத் தெரியாது" என்றேன். கொஞ்சங்கூட நாக்குக் குழறவில்லை.

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். "தூசி தொடைக்கலாம்னு நானேதாங்க போனன். கை பட்டுடுச்சி" என்றாள். வாசித்தேன் என்று அவளும் சொல்லவில்லை.

அப்போதே அவளை வேலையைவிட்டு அனுப்பினார்கள். வீட்டம்மா ஒரு ஈரத்துணியை என்னிடம் நீட்டினார். எண்பத்தெட்டுக் கட்டைகளையும் துடைத்தேன். துணி படப்பட ஒவ்வொன்றும் சத்தம் போட்டது. வெளியே போய்க்கொண்டிருந்தவளுக்குக் கேட்டிருக்கும்.

எல்லோரும் ஒன்று என்று மிஷன் பள்ளியில் தினமும் பாடி வளர்ந்தவள் நான். நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது. ஆனாலும் அதே பியானோவில் இன்னும் ஆறு வருஷம் பாடம் நடத்தினேன்.

அவளை அனுப்பிய அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. கதவைத் திறந்தபோது படியில் பலகை மட்டும் இருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாள். ஒரு கட்டைகூட மிச்சமில்லை.