ஜோடி சேராத பூநாரை

இரண்டு விரல்களை நீட்டி, தண்ணீரில் நிற்கும் உள்ளான் பறவைகளைக் காற்றிலேயே தள்ளித் தள்ளி எண்ணுகிறார் இன்பராஜ். நடுவில் யாராவது வணக்கம் சொன்னால் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிப்பார். பறவை பார்க்க வந்த நான் மூன்று முறை சொல்லிவிட்டேன்.

ஆம்பூருக்கு வெளியே, மூடிப்போன ஒரு தோல் தொழிற்சாலையின் உப்புப் பாத்திகள் இவை. கழிவுநீரைக் காயவைத்து உப்பெடுத்த இடம். ஆலை போனது, மழை வந்தது, பறவை வந்தது, பின்னாலேயே வனத்துறையின் பலகையும் வந்தது. முன்பு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் இப்போது பைனாகுலரைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். இடம் நல்லதா, கெட்டதா? "அது தெரியல சார். பேரு மாறிடுச்சு, அவ்ளோதான்" என்கிறார் இன்பராஜ்.

பத்தொன்பது வருடம் ஷூ கம்பெனியில் பேக்கிங். இப்போது தற்காலிகக் காவலர்; தினமும் பறவைகளை எண்ணி நோட்டில் எழுத வேண்டும். போன வாரம் மேலிடத்துக் கடிதம் வந்தது: முந்தைய காவலர் காட்டியதில் பாதிப் பறவைகள்தான் இருக்கின்றன, இனி காவலர் எதற்கு?

இன்று விசாரிக்க வந்த வனத்துறை ஊழியர் ஜெனிஃபா தானே எண்ணினார். உள்ளான் எண்பத்தாறு. நோட்டில் நாற்பத்து மூன்று.

"மீதி எங்கண்ணா?"

"எல்லாம் இருக்குது மேடம். நாப்பத்திமூணு ஜோடி."

கம்பெனியில் யாரும் ஒற்றை ஷூவை எண்ணுவதில்லை என்றும் விளக்கினார். ஜெனிஃபா தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்கென்னவோ இன்பராஜ் சொல்வதும் சரியென்றே பட்டது. கொஞ்ச நாளாக எனக்கு எல்லோர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது.

பிறகு ஜெனிஃபா கடைசிப் பாத்தியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அங்கே ஒரே ஒரு பூநாரை. கடலோர உப்பளங்களில் நிற்க வேண்டியது, வழிதவறி ஆம்பூருக்கு வந்திருந்தது.

"இது எப்பலேருந்து?"

"மூணு வாரமாச்சு. ஜோடி வரட்டும்னு எழுதாம வச்சிருக்கேன்."

எழுதியிருந்தால் அந்தக் கடிதமே வந்திருக்காது என்றார் ஜெனிஃபா. இன்னும் அரை மணியில் அதிகாரி வருகிறார். அவர் கண்ணில் இது பட்டால் வேலை நிலைக்கும், பறந்துவிட்டால் யாரும் நம்பப் போவதில்லை.

"இன்னா மேடம் பேஜாரா கீது. ஒத்தைக்கா இவ்ளோ மதிப்பு?"

இன்பராஜ் பூநாரையைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். கம்பெனி ஷூ, அடி வைத்தால் சரளை நறநறக்கும், பறவை எழும்பிவிடும். குனிந்து கயிற்றை அவிழ்த்தார். இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சூடேறிய வரப்பில் வெறுங்காலோடு, மெல்ல விலகி நடந்தார்.