மேலண்ணத்துப் புண்

என் பன்னிரண்டு வயதுப் பேத்தி சிரித்தால் கீழ்ப்பல் தெரியாது. மேல்வரிசை அதை முழுதாக மூடியிருந்தது. முகத்தின் கீழ்ப்பாதியும் குட்டையாக இருந்தது. கீழ்ப்பற்கள் மேலண்ணத்தில் குத்திப் புண்ணாகவே, திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறிப் பல் மருத்துவரிடம் போனோம்.

அவர் மேல் முன்பல்லுக்குப் பின்னால் பொருந்தும் ஒரு பிளேட்டைக் கொடுத்தார். அதைப் போட்டதும் கீழ் முன்பற்கள் பிளேட்டில் முட்டி நின்றன; கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடவே இல்லை.

"சாப்பிடும்போதும் போட்டிருக்கணும். கடைவாய்ப் பல்லு கொஞ்சங் கொஞ்சமா வளர்ந்து எட்டும், முகமும் நீளும் சார்."

மெல்லும் பல்லை மெல்லவிடாமல் செய்வதற்குப் பெயர் சிகிச்சையாம். நான் கேள்விமேல் கேள்வி கேட்டேன்.

"அவுக டாக்டருக்குப் படிச்சவுகப்பா. ஆடிட் பண்ண வந்த மாதிரி கேக்காதீக" என்றான் மகன்.

மதுரையில் வேறொரு மருத்துவரிடமும் காட்டினேன். அவரும் அதையே சொன்னார். தணிக்கை வேலையில் இருந்த காலத்திலேயே, இரண்டு அதிகாரிகள் ஒரே குறிப்பை எழுதினால், அவர்கள் சேர்ந்து டீ குடித்தார்களா என்று பார்க்கிறவன் நான். சந்தேகம் கூடியது.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் மருமகள் வந்து நின்றாள். "மாமா, பிள்ள சோறே திங்க மாட்டேங்குது. கழட்டிரட்டுமா?"

கழற்றச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் நேரில் பார்க்காமல் உத்தரவு போட்டுப் பழக்கமில்லை. பிளேட்டை ஒரு நிமிஷம் எடுக்கச் சொல்லி, டார்ச்சை அடித்துப் பேத்தியின் வாய்க்குள் பார்த்தேன். புண் இருந்த இடத்தில் தோல் மூடியிருந்தது.

"என்ன தாத்தா, டாக்டரு பாஸா பெயிலா?"

"பெண்டிங். திரும்பப் போட்டுக்க, கழட்டாத" என்றேன்.

மருமகளிடம் சோற்றைக் குழைய வடிக்கச் சொன்னேன்.