ஏழாவது வீட்டில் இரண்டு பேர்

பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. மேலே ஒட்டிய வெள்ளைத் தாளில் 'மக்கள் தொகைக் கணக்கு' என்று நானே எழுதியிருக்கிறேன். அது பொய். நான் ஒருநாளும் மக்கள் தொகைக் கணக்கு எடுத்தவள் இல்லை. உள்ளே இருப்பது சேரப்பணஞ்சேரியில் ஒரு தெருவின் பதினான்கு வீடுகள். வீட்டுக்கு எத்தனை பேர், எத்தனை ஆடு, அடுப்பு விறகா மண்ணெண்ணெயா, யார் எந்த வகுப்பு வரை படித்தார்கள் என்று கட்டம் போட்டு எழுதியது. எந்த அரசாங்கமும் கேட்காத விவரம். வீடு மாறும்போதெல்லாம் மூட்டை மூட்டையாகக் காகிதங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருக்கிறேன். எனக்குக் கொடுத்த பாராட்டுச் சான்றிதழ்கள்கூட அதில் போய்விட்டன. இந்த நோட்டு மட்டும் கூடவே வந்துகொண்டிருக்கிறது.

1991இல் நான் நன்னடத்தை அலுவலராக வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்படி ஒரு அலுவலர் இருக்கிறார் என்பதே பலருக்குத் தெரியாது. முதல் தடவை தப்பு செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக இருப்பேன் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விடலாம் என்று சட்டம் சொல்கிறது. அப்படி விடலாமா என்று விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பதும், விட்ட பிறகு அந்த ஆள் மீது ஒரு கண் வைத்திருப்பதும் என் வேலை. ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணம் ஆகவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மாடி அறையில் தனியாகக் குடியிருந்தேன். பகலெல்லாம் மனிதர்களைக் கேள்வி கேட்பேன். அறைக்கு வந்தால் என்னை ஒரு கேள்வி கேட்க ஆள் கிடையாது. சாப்பிட்டாயா என்றுகூட.

அந்த நோட்டுக்குக் காரணமானவர் நான் பரிந்துரைத்த முதல் ஆள். சேரப்பணஞ்சேரிக்காரர், இருபத்து நான்கு வயது, அம்மாவும் பிள்ளையுமாக இரண்டே பேர். கூட்டாளி ஒருவன் பேச்சைக் கேட்டு ஒரு பம்ப்செட் மோட்டாரில் இருந்த செம்புக் கம்பிச் சுருளை, அந்தக் காயிலைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டவர். கூட்டாளி ஓடிவிட்டான், இவர் மாட்டிக்கொண்டார். விசாரித்ததில் அதற்கு முன் ஒரு தேங்காயைக்கூடத் தொட்டதில்லை என்று தெரிந்தது. சிறைக்கு அனுப்ப வேண்டாம் என்று ஆறு பக்கத்துக்கு எழுதினேன். மாஜிஸ்திரேட் ஒப்புக்கொண்டு ஒரு வருடத்துக்குப் பத்திரம் வாங்கினார். மாதம் ஒருமுறை என்னிடம் வந்து கையெழுத்துப் போட வேண்டும். நானும் மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். வெளியே வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை இது: "கவர்மெண்ட் ஆளுங்கள்ல என்ன நீங்கன்னு கூப்ட மொத ஆளு நீங்கதான் மேடம்." இரண்டாவது வார்த்தை: "வூட்டுக்கு மட்டும் வராதீங்க மேடம். யாருன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

போகாமல் இருக்க முடியாது, விதி. பிப்ரவரியில் ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கி, கையில் அந்த நீள நோட்டோடு தெருவில் நுழைந்தேன். எதிர்வீட்டுப் பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "இன்னாமா, சென்சஸா?" என்றாள். நாடு முழுக்க அப்போது அந்தக் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆமாம் என்று என் வாய் சொல்லிவிட்டது. வாசலில் நின்ற அவருடைய அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். கோர்ட்டில் பார்த்திருந்ததால் நான் யாரென்று அவருக்குத் தெரியும். பிறகு தெருவுக்கே கேட்கும்படி, "வா மா, வந்து எண்ணிக்கோ" என்றார். உள்ளே போய் விசாரிக்க வேண்டியதை விசாரித்துவிட்டு வெளியே வந்தால் எதிர்வீட்டுக்காரி இடுப்பில் கைவைத்து நிற்கிறாள்: "எங்க வூட்ட வுட்டுட்டியே? நாங்க இன்னா ஜனமில்லியா?"

பொய் சொன்னால் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். உட்கார்ந்து எழுதினேன். அவளுக்கு அடுத்த வீடு, அதற்கு அடுத்த வீடு என்று பதினான்கு வீடும் எழுதிவிட்டுத்தான் அன்று கிளம்ப முடிந்தது. ஏழாவது வரியில் அவர் வீடு: ஆள் இரண்டு, ஆடு இல்லை, விறகடுப்பு. அடுத்த மாதம் போனபோது ஒரு குழந்தை பிறந்திருந்தது, சேர்த்தேன். அதற்கடுத்த மாதம் ஒரு கிழவர் போய்விட்டார், கழித்தேன். கணக்கெடுப்பு முடிந்து ஊரே மறந்துவிட்டது, அந்தத் தெருவுக்கு மட்டும் முடியவில்லை. "எத்தினி தபா மா எண்ணுவ? நாங்க இன்னா ஓடியா பூடப்போறோம்?" என்று எதிர்வீட்டுக்காரி கேலி செய்வாள். மோர் கொடுப்பார்கள். என் பேச்சைப் பேசிக்காட்டிச் சிரிப்பார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாதத்தில் அந்த ஒரு நாளுக்காக நான் காத்திருந்தேன்.

இதற்குள் அவருக்கு வேலை கிடைத்தது. ஒரகடம் போகிற வழியில், வயலுக்கு நடுவே அப்போது புதிதாக எழும்பியிருந்த ஒரு வார்ப்படக் கம்பெனி. அச்சிலிருந்து வந்த இரும்பில் பிசிறு தேய்க்கிற வேலை, கான்ட்ராக்டில். போட்டோ ஒட்டிய கம்பெனி அட்டை ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். அந்த வருடம் மே மாதம் எங்கள் பகுதியில் நடந்தது நாடறிந்தது, அதை நான் எழுத வேண்டியதில்லை. அதன் பிறகு பல வாரங்கள் சாலைக்குச் சாலை போலீஸ். சைக்கிளில் போகிறவரை நிறுத்திப் பெயர், ஊர், பழைய கேஸ் உண்டா என்று கேட்டார்கள். அவரையும் நிறுத்தினார்கள். ஜூன் மாதம் கையெழுத்துப் போட வந்தபோது சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "கம்பெனி கார்ட காமிச்சேன் மேடம். போப்பான்னுட்டாங்க. கேஸ் கீதான்னு கேக்கவே இல்ல." ஆயுத பூஜைக்குள் வேலையை நிரந்தரம் செய்கிறேன் என்று சூப்பர்வைசர் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். அவ்வளவு சிரித்து அவரை நான் பார்த்ததில்லை.

அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. நன்றாக நடந்துகொள்கிறவரைக் காலம் முடியுமுன்பே பத்திரத்திலிருந்து விடுவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. என் முதல் ஆள் எட்டே மாதத்தில் விடுதலை என்றால் யாருக்குப் பெருமை? அவருக்கு என்று அன்று சொல்லிக்கொண்டேன். எனக்குத்தான். மனுவோடு வைக்க வேலை கொடுத்தவரின் நற்சான்று வேண்டும். அதற்கென்றே ஒரு படிவம் உண்டு. 'தங்கள் நிறுவனத்தில் பணிபுரியும் மேற்படி நன்னடத்தைக் கண்காணிப்பில் உள்ள நபரின் ஒழுக்கம் குறித்து' என்று தொடங்கும். வழக்கு எண், சட்டப் பிரிவு எல்லாம் ஒன்றுவிடாமல் நிரப்பி, அரசு முத்திரை குத்திய பழுப்பு உறையில் போட்டுக் கம்பெனி மேனேஜருக்கு அனுப்பினேன். ஆறு மாதமாக ஒரு தெருவையே ஏமாற்றிக் காப்பாற்றிய ரகசியத்தை நானே எழுதி, ஒட்டி, தபாலில் சேர்த்தேன். தவறு செய்கிறோம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. படிவம் இருந்தது, நிரப்பினேன்.

செப்டம்பரில் அவர் சரியான நாளில்தான் வந்தார். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி வைத்தார். சட்டைப் பை தட்டையாக இருந்தது. கம்பெனி ஆபீஸில் உறையைப் பிரித்தவர் சத்தமாகவே படித்திருக்கிறார். டீ நேரத்துக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. நல்ல வேலைக்காரன்தான், ஆனால் நாளைக்கு ஸ்டோரில் ஒன்று காணாமல் போனால் யாரைக் கேட்பது என்று சொல்லி அட்டையை வாங்கிக்கொண்டார்களாம். அந்த லைனில் பாதிப்பேர் அவர் ஊர்ப் பக்கத்து ஆட்கள். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க கெட்டது நெனிக்கல மேடம், எனக்குத் தெரியும். ஆனா சென்சஸுன்னு சொன்னது நீங்கதான? கடசி வரைக்கும் அதையே சொல்லிகினு இருந்திருக்கலாமே."

அக்டோபரில் அவர் வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டுப் போனேன். அந்தத் தெரு என்னைப் பார்த்தது. எதிர்வீட்டுக்காரி துணியைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டாள், திரும்பவில்லை. என்னை எண்ணு என்று யாரும் கூப்பிடவில்லை. பழக்கதோஷம், அந்த நீள நோட்டைக் கையில் எடுத்துப் போயிருந்தேன். அதை எங்கே மறைப்பது என்று தெரியாமல் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு நடந்தேன். அவருடைய அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்டேன். ரோட்டில் மறுபடி நிறுத்தினார்களாம். இந்தத் தடவை காட்ட அட்டை இல்லை. பழைய கேஸ் இருப்பதைச் சொன்னதும் ஒரு நாள் முழுக்க உட்காரவைத்து அனுப்பியிருக்கிறார்கள். மறுநாள் விடியுமுன் ஒரு பையோடு போய்விட்டார். எங்கே என்று அம்மாவுக்கும் தெரியாது.

நான் நின்றுகொண்டே இருந்தேன். அந்த அம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், தணிந்த குரலில் சொன்னார்: "ஊரெல்லாம் எண்ணினியே மா. இந்த வூட்ல இனிமே ஒருத்திதான்னு எழுதிக்கோ."

கையெழுத்துக்கு வராதவரைப் பற்றி நான் அறிக்கை தர வேண்டும். இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன், பிறகு கொடுத்தேன். வாரண்ட் போட்டார்கள். அது பற்றிக் கேட்க நான் போன ஸ்டேஷனில் ரைட்டராக இருந்த ஏட்டு நல்ல மனிதர்; எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க மா. அப்பவே உள்ள போட்டிருந்தா மூணு மாசம் இருந்துட்டு வந்து, ஊரோட கெடந்திருப்பான்." எனக்குச் சுருக்கென்றது. சிறைக்குப் போய் வந்தவனுக்கு ஊர் என்ன மரியாதை செய்யும் என்று எனக்குத் தெரியாதா? இருந்தும் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த வாரண்டை வைத்து அவரை யாரும் தீவிரமாகத் தேடவில்லை. ஒரு காயில் திருடனைத் தேட யாருக்கு நேரம் இருந்தது?

அதன் பிறகு நான் வேலையில் இருந்த வருடங்களில் ஒரு கம்பெனிக்கும் அந்தப் படிவத்தை அனுப்பவில்லை. விளக்கம் கேட்டு மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன். என்னிடம் வந்தவர்களில் நிறையப் பேர் பத்திரக் காலத்தை ஒழுங்காக முடித்துப் போனார்கள். சிறையைவிட இது நல்ல வழி என்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன், இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஆளை வெளியே விடுவது பாதி வேலைதான். வெளியே அவனுக்கு ஒரு இடம் வேண்டும். அந்த இடம் ஒரு உறை கிழிகிற நேரத்தில் போய்விடும். முடித்துப் போனவர்கள் முகம் எனக்கு நினைவில் இல்லை. தட்டையான அந்தச் சட்டைப் பைதான் நினைவில் நிற்கிறது.

இப்போது ஒரகடம் பக்கம் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறேன். நான் பஸ்ஸில் கடந்து போன வயல்களில் கம்பெனிகள் வரிசையாக நிற்கின்றன. ஷிப்ட் மாறும்போது கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு பையன்களும் பெண்களும் சாலை முழுக்க நடக்கிறார்கள். ஒவ்வொரு அட்டையையும் பார்க்கிறேன், பழக்கம். போன மாதம் ஒரு பெண் வீடு வீடாக விவரம் கேட்டு வந்தாள். "வீட்ல எத்தினி பேரு மேடம்?" "ஒருத்திதான்மா." கையிலிருந்த போனில் தட்டிக்கொண்டாள். உட்கார், டீ போடுகிறேன் என்றேன். அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். இன்னும் ஏதாவது கேட்க வேண்டுமா என்று நானே கேட்டேன். இல்லை மேடம், அவ்வளவுதான் என்று சிரித்துவிட்டுப் போனாள். எங்க வூட்ட வுட்டுட்டியே என்று எதிர்வீட்டுக்காரி இடுப்பில் கைவைத்து நின்றது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

கதவைச் சாத்திவிட்டு அந்த நீள நோட்டை எடுத்துப் பார்த்தேன். பிறந்த குழந்தையைச் சேர்த்திருக்கிறேன், போன கிழவரைக் கழித்திருக்கிறேன். ஏழாவது வரியில் மட்டும் கை வைக்கவில்லை. அந்த அம்மா சொல்லியும் அன்று எழுதவில்லை. அம்மாவும் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். பேனாவை எடுத்தேன், மூடி வைத்தேன். ஏழாவது வீட்டில் இன்னும் இரண்டு பேர்தான்.